மாவுக்கட்டைப் பிரித்த நாள்

தொண்ணூறுகளின் நடுவில், துடியலூர் பக்கம் மொபெட்டிலிருந்து விழுந்தேன். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. எக்ஸ்ரேயில் எலும்பு ஒன்றும் உடையவில்லை என்றதும் அம்மா மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "எந்திரிச்சு நட கண்ணு" என்றாள். நடப்பதா? படுத்தபடி காலை நீட்டித் தூக்கச் சொன்னால்கூடக் குதிகால் மெத்தையை விட்டு எழும்பவில்லை.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். தொடையின் முன்பக்கத்துப் பெரிய தசை முட்டிச் சில்லின் மேல்விளிம்பைப் பிடித்திருக்கிறது. சில்லின் அடியிலிருந்து தடித்த தசைநாண் ஒன்று இறங்கி, கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் ஒட்டியிருக்கிறது. எனக்கு அந்த நாண் எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டது. "கெணத்துக் கவுறு அறுந்துபோச்சுன்னா மேல நின்னு எவ்வளவு இழுத்தாலும் கொடம் வருங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தோட்டத்தில் கிணறு இறைத்துப் பழகிய விவசாயி, சட்டென்று புரிந்துகொண்டார். நாணைத் தைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் முட்டி மடங்கவே கூடாது.

நாலாவது வாரம், பெருந்துறையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நல்ல இடம். ஆடி பிறக்க ஐந்து நாள்தான் இருந்தது. பிறந்துவிட்டால் ஒரு மாதம் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், அதற்குள் மாப்பிள்ளை கைநழுவிப் போய்விடுவார் என்று வீடே பதறியது. மாவுக்கட்டோடு காட்டினால் நொண்டி என்று பேர் வைத்துவிடுவார்களாம். அது என்னுடைய கால் என்ற நினைப்பு அங்கே யாருக்கும் வரவில்லை, எனக்கும்தான்.

"ஒரு நாளைக்குச் சமாளிச்சுக்குவியா கண்ணு?" என்று அப்பா கேட்டார். எங்கள் வீட்டில் அப்பா கேட்டால் பதில் ஒன்றுதான். "முடியுங்கப்பா" என்றேன்.

அப்பாவே கட்டைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, அரிவாளால் அறுத்தெடுத்தார். தொடை பாதியாக வற்றியிருந்தது. பட்டுச்சேலை அதை மறைத்தது. காலை மடக்காமல் விறைப்பாக நடந்து, காபித் தட்டை நீட்டிவிட்டேன். அத்தோடு தப்பித்தேன் என்று நினைத்தபோது மாப்பிள்ளையின் அம்மா, "பெரியவங்க கால்ல உழுந்து கும்பிட்டுக்க அம்மணி" என்றார். இது ஒன்று இருக்கிறதென்று எங்கள் ஆட்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை? நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

மண்டி போட்டேன். உள்ளே ஏதோ பிய்ந்தது. சேலைக்குள் முட்டிச் சில்லு தொடைப் பக்கமாக ஏறிப்போனது தெரிந்தது. நெற்றி தரையில் கிடந்தது, எழ முடியவில்லை. "போதும், எந்திரி அம்மணி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நான் அசையவில்லை. "ரொம்ப மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

"எந்திரிக்க முடியலீங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். "இனி தெச்சாலும் பழையபடி மடங்காதுங்க. கட்டை யாரு பிரிக்கச் சொன்னது?" என்று கத்தினார்.

அப்பா தோள் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "புள்ளைதானுங்க முடியும்னு சொல்லுச்சு" என்றார்.

சொன்னேன்தான். அதில் ஒரு பொய்யும் இல்லை. அதனாலேயே இதுவரை அவரோடு ஒரு தடவைகூடச் சண்டை போட முடியவில்லை.