பதினான்காம் பாத்தியின் ஒற்றை எழுத்து

ஜூ பாவ்தியானை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. அவன் வாழ்க்கையைத் தேதியோடு எழுத ஊரில் வேறு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பிறந்தது 1941 பிப்ரவரி 9, யீ ஆற்றின் மேற்குக் கரையில். பள்ளிக்கூடம் போனது பதினோரு நாள். 1974இல் எங்கள் நாற்றுப்பண்ணையில் சேர்ந்தான். பதிவேடு எழுதுவது என் வேலை.

கிங்கோ மரத்தின் விதையைப் போட்டால் முளைத்துவிடும். ஆனால் ஆணா பெண்ணா என்று தெரிவதற்குள் இருபது ஆண்டு ஓடிவிடும். போத்து, அதாவது மரத்திலிருந்து வெட்டிய துண்டை, நட்டால் அந்தக் கவலை இல்லை. தாய்மரம் எதுவோ, கன்றும் அதுவே. கொட்டை வேண்டுபவர்கள் பெண் கன்று கேட்பார்கள். தெருவுக்கு ஆண் கன்றுதான் போகும், ஏனென்றால் பெண் மரத்தின் பழம் விழுந்து அழுகினால் வாந்தி நாற்றம் அடிக்கும்.

பாவ்தியானின் கைராசியை மறுக்க முடியாது. மற்றவர்கள் நட்ட நூறு போத்தில் முப்பது வேர்விட்டால் அதிகம். அவன் நட்டதில் அறுபத்தாறு விடும். மரத்தின் அடியிலிருந்து நேராகக் கிளம்பும் குருத்தை மட்டுமே வெட்டுவான். பக்கக் கிளையில் எடுத்த போத்து எத்தனை வருடமானாலும் கிளை மாதிரியே சாய்ந்துதான் வளரும் என்பான். அதுவும் சரிதான். நாக்குதான் சரியில்லை. பண்ணைத் தலைவர் லுவான் ஒருமுறை மணல் பாத்தி ஓரத்தை மிதித்தபோது அவர் காலிலேயே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான்.

1993 மார்ச் 27 அன்று எங்களுக்குள் சண்டை வந்தது. முந்தின நாள் ஒன்பதாம் பாத்தி ஆண் என்று வாயால் சொல்லியிருந்தான், எழுதியிருந்தேன். அன்று வந்து, ஆறாம் பாத்தியைத்தான் சொன்னேன் என்றான்.

"இனிமே நீ வாயால சொல்றது எதையும் எழுத மாட்டேன். பாத்திக் குச்சியில எழுதி வை."

"எனக்கு எழுதத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"அப்ப கத்துக்க."

"மை குடிக்கிற பூச்சி! உன் மண்டைக்குள்ள பேனா மூடிதான்டா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 2 அன்று பதினான்காம் பாத்தியில் 620 போத்து நட்டான். குச்சியில் ஒரே ஓர் எழுத்து கோணலாக இருந்தது: 'கோங்'. எங்கள் மொழியில் அதற்கு ஆண் என்று பொருள். பதிவேட்டில் 'ஆண்' என்று எழுதினேன். அவற்றில் 409 பிழைத்தன.

1995இல் அவன் பண்ணையை விட்டுப் போய்த் தன் வீட்டுக் கொல்லையில் போத்து வைக்க ஆரம்பித்தான். மூன்று ஆண்டு கழித்து அந்த 409 கன்றுகளும் நகரத்தில் ஒரு பள்ளி வாசல் சாலைக்குப் போயின. 2008 அக்டோபரில் பழுத்தன.

நானும் லுவானும் பாவ்தியான் வீட்டுக்குப் போனோம்.

"ஏன்யா, ஸ்கூல் புள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுதுங்க. பொட்டை மரத்தை ஆம்பளைன்னு எழுதிக் குடுத்தியா?" என்றார் லுவான்.

"நான் ஆம்பளைன்னு எழுதவே இல்ல."

"கோங்னு எழுதியிருக்க," என்றேன்.

"ஆமா. போத்து வெட்டினது எங்க தாத்தா சமாதிக்கிட்ட இருக்கிற மரத்துல. எந்த மரம்னு தெரியணும்ல? சமாதிக் கல்லுல இருந்த எழுத்தைப் பார்த்து வரைஞ்சேன். எழுதுன்னு நீதான குதிச்ச?"

"பதினஞ்சு வருஷம் கழிச்சுக் கதை விடாத."

"வெளிய போடா. நீ உக்காந்த ஸ்டூலை நான் கழுவணும்."

அவன் ஏமாற்றினான் என்று நான் போன இடமெல்லாம் சொன்னேன். சந்தையில் சொன்னேன், நூடுல்ஸ் கடையில் சொன்னேன், முடிவெட்டும் இடத்தில் சொன்னேன். அந்தக் குளிர்காலத்தில் அவன் கொல்லையில் 1,150 கன்றுகள் நின்றன. ஒன்றுகூட விலைபோகவில்லை. ஆணா பெண்ணா என்பதற்கு நட்டவன் வாக்கு ஒன்றுதானே அத்தாட்சி. அவன் வாக்கை யாரும் நம்பவில்லை. வயது அறுபத்தேழு. வேறு தொழில் தெரியாது.

2009 ஏப்ரல் 4, சமாதிகளைச் சுத்தம் செய்யும் நாள். என் அப்பாவின் சமாதிக்குப் போனவன், பாவ்தியானின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஜூ குடும்பத்துச் சமாதிக்கும் போனேன். அவன் தாத்தாவின் கல்லில் 'ஜூ கோங்' என்று இருந்தது. சமாதிக் கல்லில் அந்த எழுத்துக்குப் 'பெரியவர்' என்று பொருள். கல்தச்சனின் உளி வழுக்கி, எழுத்தின் கடைசிப் புள்ளி இடப்பக்கம் வெளியே போய் விழுந்திருந்தது. பக்கத்தில் கிங்கோ மரம். அடியில் போன வருடத்துக் கொட்டை ஓடுகள்.

பாத்திக் குச்சிகளை வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தேன். பண்ணைக்குத் திரும்பி 1993 கட்டைப் பிரித்தேன். குச்சியிலும் புள்ளி இடப்பக்கம் வெளியேதான் இருந்தது. சரியான எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியாதவன்தான் அந்தப் பிழையையும் சேர்த்து வரைந்திருக்க முடியும்.

பிழை என்னுடையது. பதிவேட்டில் சிவப்பு மையால் திருத்தினேன். ஊர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டிவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"திருத்தி எழுதி ஒட்டிட்டேன்."

"எவன்டா படிப்பான்? என்னைத் திருடன்னு எழுதியா ஒட்டின? வாயாலதான பரப்பின? சந்தைக்கு வந்து வாயால சொல்லு."

ஏப்ரல் 6, கன்றுச் சந்தை. அவன் வண்டிப் பக்கத்தில் நின்றேன். ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள்.

"பதினாலாம் பாத்தியில தப்புப் பண்ணினது நான்தான். இவரு இல்ல."

"கேக்கல," என்றான் பாவ்தியான், கன்று வேரிலிருந்து மண்ணைத் தட்டியபடி.

மறுபடி சொன்னேன்.

"அந்தக் கோடியில பன்னி விக்கிறவனுக்குக் கேக்கல."

மூன்றாவது முறை கத்தினேன். கூட்டம் சிரித்தது. ஒரு வியாபாரி முன்னே வந்து, "பெருசு, இந்தக் கட்டு என்ன?" என்று கேட்டான்.

"ஆம்பளை. அந்தப் பக்கம் இருக்கிறது பொட்டை."

"நிச்சயமா?"

"நான் சொல்றேன்ல."

வியாபாரி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். நாற்பது கன்று எடுத்துக்கொண்டான்.

"அதான் சொல்லியாச்சே, இன்னும் என்ன நிக்கிற?" என்றான் பாவ்தியான் என்னிடம். "தள்ளு. வெயிலை மறைக்கிற."