குட்டியைப் பார்க்காமல் போனவர்கள்

குட்டி முதன்முதலாகக் குரைத்தது, தலையில் சாக்கு சுமந்து வந்த ஒரு சுமைத்தொழிலாளியைப் பார்த்து. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு வாசல் நேராகத் தெருவில்தான் திறக்கும். எதிரே இஞ்சிக் கிடங்கு. சாக்கின் விளிம்பு முகத்தை மறைக்க, அவர் குனிந்தபடி கிடங்குக்குள் நுழையப் போனார். மனிதருக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் சாக்கு இருந்தது. குட்டி பின்னால் நகர்ந்துகொண்டே குரைத்தது. அவர் உள்ளே மறைந்ததும் நிறுத்திவிட்டு என் காலுக்கு இடையில் வந்து உட்கார்ந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

வேறொரு வீட்டு நாயாக இருந்திருந்தால் சிரித்திருப்போம். இது என் மனைவிக்கு வழிகாட்டப் போகிற நாய்.

அவளுக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவு மிச்சம். எதிரில் நிற்பவரின் மூக்கு தெரியும், அவர் நீட்டுகிற கை தெரியாது. அந்த மிச்சமும் போகும் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வீட்டிலிருந்து படகுத்துறை வரை யார் கையையும் பிடிக்காமல் போய்வர வேண்டும். வேலைக்குப் போன காலம் முழுவதும் அந்த வழியாக நடந்துதான் எறணாகுளத்துக்குப் படகு ஏறியிருக்கிறாள்.

இடக்கொச்சியில் காயலோரம் நாய்களுக்கு வேலை பழக்குகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். கோயம்புத்தூர்க்காரி. காக்கநாட்டுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, அதை விட்டுவிட்டு இதில் இறங்கியவள். அவள்தான் இந்த லாப்ரடார் பெண் குட்டியைக் கொண்டுவந்து விட்டாள். முதலில் அது ஒரு வீட்டில், தெரு நடுவில், ஆட்களோடு வளர வேண்டும். கொஞ்சம் பெரிதானதும் அவள் அழைத்துப் போய் வேலை பழக்கி, மனைவியிடமே திருப்பித் தருவாள். ஒரு நிபந்தனை வைத்தாள். அந்நியரைக் கண்டு குரைக்கிற நாயை அவள் எடுத்துக்கொள்ள மாட்டாள்.

"குரைக்கிற நேரத்துல அதுக்கு ரோடே தெரியாது ஆன்ட்டி. நீங்க நடுரோட்டுல நிப்பீங்க, அது குரைச்சிட்டிருக்கும். என்னால அந்த நாயை உங்க கையில குடுக்க முடியாது."

சாக்குக்குப் பிறகு குடை. பிறகு ஹெல்மெட். பிறகு மழைக்கோட்டு மாட்டிய யாராக இருந்தாலும். பொட்டலம் கொண்டுவரும் டெலிவரி ஆளைக் கண்டால் எல்லாவற்றையும்விட மோசம். அவர் வருவார், குட்டி குரைக்கும், பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுவார். குட்டியின் கணக்கில், குரைத்ததால்தான் போனார். ஒவ்வொரு முறையும் அது ஜெயித்துக்கொண்டே இருந்தது.

நான் அதட்டிப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டது, ஆனால் முதுகில் முடி சிலிர்த்தபடியே நின்றது. இதைப் பயிற்சிக்காரப் பெண்ணிடம் ஒரு முன்னேற்றம் போலச் சொன்னேன்.

"சத்தத்தை மட்டும்தான் நிறுத்தினீங்க அங்கிள். பயம் அப்படியேதான் இருக்கு. இனி சொல்லாம கொள்ளாம கடிக்கும்" என்றாள்.

தெருவுக்கு அதனுடைய சொந்த வைத்தியம் இருந்தது. மூலையில் நிற்கும் ஆட்டோக்காரர் ஒருவருக்கு நாய் என்றால் உயிர். குட்டி குரைக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சட்டைப்பையில் பிஸ்கட்டோடு வந்தார். நேராக முகத்துக்கு எதிரே குனிவார். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோவார். "எடீ சுந்தரீ, சேட்டனைத் தெரியலையா? சேட்டனை?" குட்டி கழுத்தை நீட்டி பிஸ்கட்டை வாங்கும். உடம்பு பின்னாலேயே நிற்கும். தின்று முடித்துத் தலை நிமிர்ந்தால் அதே முகம் இன்னும் பக்கத்தில் இருக்கும். உடனே குரைக்கும். "பிஸ்கட்டைத் தின்னுட்டுத் திட்டுது பாருங்க சாரே, என் மச்சினன் மாதிரியே" என்று சிரிப்பார். மறுநாளும் வருவார்.

பயிற்சிக்காரப் பெண் சொன்ன முறை கேட்க எளிமையாக இருந்தது. ஆள் தூரத்தில் வரும்போதே, குட்டி அவரைக் கவனித்துக் குரைப்பதற்கு முன்னால், அதன் வாயில் கோழித்துண்டு ஒன்று போக வேண்டும். ஆளைக் கண்டால் நல்லது நடக்கும் என்று அது நம்ப வேண்டும். தின்ன மறுத்தால் ஆள் மிக அருகில் வந்துவிட்டார் என்று பொருள், நாம்தான் விலகிப் போக வேண்டும். இழுத்துக்கொண்டு போய் ஆளின் முன்னால் நிறுத்தவே கூடாது. வருகிறவர் குட்டியைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, கை நீட்டக் கூடாது. தன் பாட்டுக்குப் போக வேண்டும்.

அப்படிப்பட்ட ஆளுக்கு மட்டாஞ்சேரியில் எங்கே போவது? இங்கே எல்லாரும் பார்ப்பார்கள். கிடங்குக்காரர்கள் பார்ப்பார்கள், சுற்றுலா வந்தவர்கள் உட்கார்ந்து படம் எடுப்பார்கள், ஆடுகள்கூட நின்று பார்க்கும். பார்க்காதீர்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்க இன்னும் இரண்டு பேர் வருவார்கள்.

வழியைக் கண்டுபிடித்தவள் மனைவி. ஒரு மதியம் குட்டியின் கழுத்து வாரைப் பிடித்துப் பின் சந்துக்குப் போய்விட்டுத் திரும்பியவள், "அங்க ஆளே இல்லையா?" என்று கேட்டாள். நான் அவளுக்குப் பின்னால்தான் வந்திருந்தேன். ஆட்கள் நிறைய இருந்தார்கள் என்றேன். பாங்கு ஒலித்து, எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போகிற நேரம்.

"வாரு இழுக்கவே இல்லையே" என்றாள்.

மறுநாள் கவனித்தேன். தொழுகைக்குப் போகிறவர்கள் குட்டியைத் தூரத்திலேயே கண்டு, வேட்டியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்து, சந்தின் மறுபக்கச் சுவரோரமாக நடந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நடையை மாற்றவும் இல்லை. நாயின் ஈரம் துணியில் பட்டால் தொழுமுன் கழுவ வேண்டும். அவர்களுக்கு அவ்வளவுதான் விஷயம். குட்டி ஒவ்வொருவரையும் பார்த்தது, கோழியைத் தின்றது, அடுத்தவரைப் பார்த்தது. தேடிக்கொண்டிருந்த அந்நியர்கள் தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

சந்து முனையில் சாயாக்கடை. கடைக்காரர் பாலக்காட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட தமிழ் முஸ்லிம். மனைவி அவரை அண்ணன் என்கிற பொருளில் இக்கா என்பாள். விஷயத்தைச் சொல்லி, தொடர்ந்து அங்கே நிற்கலாமா என்று கேட்டாள்.

"நில்லுங்க சேச்சி, ரோடு என்ன நம்ம வாப்பா சொத்தா?" என்றவர், கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார். "ஆனா ஒண்ணு. நாங்க ஒதுங்கிப் போறது அதும்மேல வெறுப்பு இருக்கிறதால அல்ல. அதையும் படைச்சவன்தான் படைச்சிருக்கான்."

"தெரியும் இக்கா. நீங்க ஒதுங்கிப் போறதுதான் எங்களுக்கு வேணும்."

"அது கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு! இத்தன நாள் கழிச்சு, நாயைப் பாக்காம போனதுக்கு ஒரு நன்றி கிடைக்குது."

அவர்தான் மற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு அவர்கள் பார்க்காமல் போனது வேறு மாதிரி இருந்தது. ஒருவர் மழை இல்லாத நாளில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போனார். இன்னொருவர் வண்டியை முனையில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடந்து வந்தார். கடைக்காரரே சர்க்கரை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, கடைக்குள் நுழையாமல் சந்தின் கோடி வரை போய்த் திரும்பினார். எல்லாரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி போனார்கள்.

ஆட்டோக்காரர் மனம் கசந்தார். "நாயைத் தொடாதவனுக்கெல்லாம் இங்க மரியாதை. பிஸ்கட் வாங்கிக் குடுத்தவன் மட்டும் வில்லன்." அவரை ஆட்டோவுக்குள் முதுகைக் காட்டி உட்காரச் சொல்லியிருந்தோம். உட்கார்ந்தார். ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

குட்டி எப்போதும் சரியாக இருந்தது என்று எழுத மாட்டேன். ஒரு பயணி தொப்பியோடு திடீரென்று குந்தி உட்கார்ந்து கேமராவை நீட்டினார். குட்டி வார் அறுந்துபோகிற மாதிரி குரைத்தது. அதற்குப் பிறகு சில நாட்கள் தலையில் தொப்பி இருந்தாலே போதும். மறுபடி சந்தின் கோடிக்கே போய், தூரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

மனைவிக்கு இன்னொரு தடையும் இருந்தது. குரைப்பதற்கு முந்தைய அந்தச் சின்ன இடைவெளியை நான் கண்ணால் பிடித்தேன். காது முன்னால் வரும், வாய் மூடும். அவள் பார்க்கும் குழாய்க்குள் அது அகப்படாது. தொடக்கத்தில் நான் "இப்ப" என்று சொல்ல, அவள் கொடுப்பாள். போகப்போக நான் சொல்வதற்குள் அவள் கை நீண்டுவிடும். எப்படி என்று கேட்டேன். "அதுக்கு மூச்சு நின்னுடும். வாருல தெரியுது." குட்டியும் தன் பங்குக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டது. ஆளைக் கண்டால் திரும்பி, மூக்கை அவள் உள்ளங்கையில் வைக்கும். நான் "இப்ப" சொல்வதை விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, குட்டியை எடுத்துக்கொள்வதா என்று பார்க்கிற சோதனை நாளன்று, பயிற்சிக்காரப் பெண் எங்களுக்கு முகம் தெரியாத ஓர் ஆளோடு வந்தாள். மழைக்கோட்டு, அதன் மேல் தொப்பி, தோளில் மூட்டை. சோதனையைப் படகுத்துறைக்குப் போகிற சாலையிலேயே வைத்தாள். லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. என்னை எதிர்ப்பக்கக் கிடங்கின் நிழலில் நிறுத்தி, வாயைத் திறக்கக் கூடாது என்றாள். மனைவி வாரைத் தளர்வாகப் பிடித்து நின்றாள். அந்த ஆள் லாரிக்குப் பின்னாலிருந்து சட்டென்று வெளிப்பட்டார். அவள் அவரைப் பார்த்திருக்க வழியில்லை.

குட்டியின் காது முன்னால் வந்தது. வாய் மூடியது. முதுகின் முடி எழத் தொடங்கியது. மனைவியின் கை கீழே திறந்தது. அந்த ஆள் நாலைந்து எட்டு வைத்துக் கடந்து போகும் வரை குட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு திரும்பி, மூக்கை அவள் கையில் வைத்தது.

பயிற்சிக்காரப் பெண் அவசரப்படவில்லை. அதே ஆளை இன்னும் அருகில், வேறு பக்கத்திலிருந்து வரச் செய்தாள். கடைசியில், "கூட்டிட்டுப் போறேன். ஆனா இது ஆரம்பம்தான் ஆன்ட்டி. வேலையில தேறாமலும் போகலாம்" என்றாள்.

"திரும்பி வர ரொம்ப நாள் ஆகுமா?"

"ஆகும்."

மனைவி தலையாட்டினாள். அத்தனை நாளைக்கு அந்தக் குழாய் திறந்திருக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் தரையில் உட்கார்ந்தாள். குட்டியின் முகத்தைப் பார்க்க அவள் தன் தலையை நகர்த்த வேண்டும். முதலில் ஒரு காது. பிறகு கண். மூக்கு. மறுகண். மெதுவாக, ஒன்றையும் விடாமல் பார்த்தாள். குட்டி நகராமல் நின்றது.

சந்து வழியாகத்தான் பயிற்சிக்காரப் பெண்ணின் வண்டிக்குப் போனோம். ஆட்டோக்காரர் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். இந்த முறை கண்ணாடியிலும் பார்க்கவில்லை. சாயாக்கடைக்காரர் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொண்டுபோறாங்களா சேச்சி?"

"ஆமா இக்கா."

"அப்போ இனி நான் அதைப் பாக்கலாமா?"

மனைவி பயிற்சிக்காரப் பெண் நின்ற பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் "பாக்கலாம்" என்றாள்.

அவர் திரும்பினார். அத்தனை மாதம் பக்கத்திலேயே நடந்தவர், நின்ற இடத்திலிருந்தே அதை முதல் முறையாக நேராகப் பார்த்தார். குட்டி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. மூக்கை மனைவியின் கையில் வைத்துவிட்டு, மறுபடி அவரைப் பார்த்தது. குரைக்கவில்லை.

"வெள்ளைன்னு நினைச்சேன்" என்றார். "மஞ்சளா இருக்கே."