இடுப்பில் ஒரு கருப்புத் தழும்பு

என் தங்கை வீட்டுக்காரருக்குப் போன மாதம் காய்ச்சல். ஆறு நாளாகியும் இறங்கவில்லை. டெங்குவா? இல்லை. டைபாய்டா? அதுவும் இல்லை. மல்லசமுத்திரத்தில் ஊசி மேல் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாப்பிள்ளைக்கு மூச்சு இரைத்தது. பேச்சு குழறியது. “பயமா இருக்குதுங்கண்ணா” என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும்தான் பயம்... வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா ஒரு அதிசயப் பிறவி. ரிப்போர்ட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார்! “உடம்புல எங்கயாச்சும் கருப்பா, பொருக்குத் தட்டின காயம் இருக்குதா? உண்ணி கடிச்சிருக்கலாம்.”

மாப்பிள்ளைக்கு அந்த நிலையிலும் ரோஷம். “எங்க ஊட்ல மாடு இல்லீங்க, நாய் இல்லீங்க... உண்ணி எப்படிங்க வரும்?”

நியாயமான கேள்விதானே? நமக்குத் தெரிந்த உண்ணி இரண்டு. மாட்டின் மடியில் ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பிக் கிடப்பது ஒன்று. நாயின் காதில் குடும்பத்தோடு குடியிருப்பது இன்னொன்று. மாட்டு உண்ணியால் மாட்டுக்குக் காய்ச்சல் வந்து, மூத்திரம் சிவப்பாகப் போகும். நாய் உண்ணி நாயைப் படுக்க வைக்கும், சில சமயம் நம்மையும். இது தெரியாமல் அதை நகத்தால் நசுக்கி வீரம் காட்டுகிறோம்!

மூன்றாவது, புதரில் இருக்கிறதாம். கண்ணுக்கே தெரியாது. கடித்தால் வலிக்காது, கடித்த இடம் மட்டும் கருகும். சரியாகச் சொன்னால் அது உண்ணியே இல்லை, உண்ணிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஆனாலும் காய்ச்சலுக்குப் பெயர் ‘உண்ணிக் காய்ச்சல்’. வேலை ஒருத்தருக்கு, பேர் இன்னொருத்தருக்கு - நமக்கென்ன புதிதா?

“அப்படிக் காயமெல்லாம் இல்லீங்க டாக்டர்” என்ற மாப்பிள்ளை, லுங்கி முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா விடவில்லை. நர்ஸ் முடிச்சைத் தளர்த்தினார். இடுப்பில், கருப்பாக, வட்டமாக... அச்சு அசல் சிகரெட் சுட்ட தழும்பு!

“ஏனுங்க... இனி சிகரெட்டே தொட மாட்டேன்னு பழனியில சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுனீங்களே!” - தங்கை.

அவர் பயந்தது இதற்குத்தான். மனைவிக்குத் தெரியக்கூடாதென்று டாக்டரிடமும் மறைத்திருக்கிறார். உயிர் போனாலும் போகட்டும், பொண்டாட்டி சந்தேகப்படக்கூடாது! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா சிரித்தார். “இது சிகரெட் சூடு இல்லைம்மா, பூச்சிக்கடி. இதைத்தான் தேடிட்டிருந்தேன். இன்னும் ரெண்டு நாள் மறைச்சிருந்தா ஆளே கிடைச்சிருக்க மாட்டார்.”

அன்றே மருந்து ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. “அநியாயமாச் சந்தேகப்பட்டுட்டேனுங்க” என்று தங்கை அழுதாள். மாப்பிள்ளை பெரிய மனசு பண்ணி மன்னித்து, இரண்டு இட்லி கேட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா சும்மா இருந்திருக்கலாம். “ஸ்பேர் பார்ட்ஸ் கடையில உட்கார்ந்த இடத்துல வேலை... நீங்க எதுக்குப் புதர்ப் பக்கம் போனீங்க?” என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

“கடைக்குப் பின்னாடிதானுங்க... ஊட்டுக்காரிக்குத் தெரியாம... ஒரே ஒரு சிகரெட்டு...”

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பார்கள். பழனி முருகன் இடுப்போடு விட்டிருக்கிறார்!