ரைனே காத்திருந்த மூன்றாவது அழைப்பு

பின்லாந்தின் வர்காவுஸ் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ரைனே, ‘பனிக்கோபுரம்’ என்ற பவர் மெட்டல் இசைக்குழுவில் பத்தொன்பது வருடம் பாடகராக இருந்தவர். பாட்டெல்லாம் டிராகனும் வாளும்தான். குழுவில் ஒருவரும் காட்டுமானைவிடப் பெரிய விலங்கைப் பார்த்ததில்லை. வாளை விடுங்கள், கிட்டார்க்காரர் இல்மோவுக்கு ரொட்டி வெட்டவே மனைவி வர வேண்டும். ஆனாலும் ரைனே ஏழு கட்டையில் எட்டிப் பிடிக்கும்போது, முன்வரிசையில் நிற்கும் காகித ஆலை ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கேட்டால் வியர்வை என்பார்கள்.

நாற்பத்தாறு வயதில் அந்த ஏழு கட்டை போயிற்று. எட்டினால் குரல் கிழிந்தது.

“டேய் ரைனே, பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்குடா,” என்றார் இல்மோ.

“எனக்கும் காது இருக்குடா.”

ரைனேயே ஹில்லாவைக் கூட்டிவந்தார். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஹெல்சிங்கியிலிருந்து வந்து வருடம்கூட ஆகவில்லை, தேவாலயத்தில் பாடுவாள். ஒரே ஒரு பல்லவிக்குத்தான் ஏற்பாடு. அவள் மூன்று கட்டை இறக்கி, கத்தாமல் பாடினாள். டிரம்ஸ் அடங்கியது. கீபோர்டில் வயலின்கள் எழுந்தன. டிராகன் செத்தால் யாராவது அழக்கூடும் என்று குழுவுக்கு அன்றுதான் தோன்றியது. ஒரே மாதத்தில் ஆல்பம் முழுக்க அவளுக்குப் போனது. சம்மதம் என்று ரைனேயும் கை தூக்கினார். பாட்டு நன்றாக இருந்தது, அவருக்குப் பொய் வராது.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான்: அவளுக்குக் கீழே இரண்டாம் குரல் பாட வேண்டும். இறங்கிய சுருதி அவர் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. காலிப் பேருந்தில் எல்லாப் பாட்டையும் பாடிப் பார்த்து வைத்திருந்தார்.

வர்காவுஸ் இருக்கும் எங்கள் சாவோ பகுதியில் காப்பிக்குக் கூப்பிட்டதும் எழுந்திருப்பது அநாகரிகம். முதல் அழைப்புக்கு ஜன்னலைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு “இப்பதான் குடிச்சேன்” என்று சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு, வீட்டுக்காரர் மனம் புண்படக் கூடாதே என்று பெருமூச்சுவிட்டு எழுந்து நாலு பன் தின்னலாம். ரைனே கல்யாணத்துக்கே மூன்றாவது தடவைதான் சரி சொன்னார். கேட்டது அவர் மனைவி.

ஒத்திகை இடைவேளையில் ஹில்லா வந்தாள்.

“ரைனே, பாட்டுக்கு அடியில ஒரு ஆம்பளக் குரல் வேணும். நீங்க பாடுங்களேன்.”

“அட, நான் எதுக்கும்மா? என் குரல்தான் போயிடுச்சே.”

“கீழ் சுருதிதானே, உங்களுக்கு நல்லாவே வரும்.”

“இல்ல இல்ல, சின்னவங்க யாராவது பாடட்டும்.”

ரைனே தொண்டையைச் செருமிக்கொண்டார். மைக் எந்த உயரத்தில் வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டார்.

“சரி, உங்க இஷ்டம். வற்புறுத்த மாட்டேன்,” என்றாள் ஹில்லா, உண்மையான மரியாதையோடு. பிறகு கீபோர்டு பக்கம் திரும்பி, “ஹாரி, நீங்க...”

“பாடுறேன்,” என்றார் ஹாரி. அவர் அம்மா கரேலியாக்காரி. அந்தப் பக்கம் முதல் அழைப்புக்கே தட்டு காலியாகிவிடும்.

இல்மோ எங்கள் ஊர் ஆள். நடந்தது அவருக்கு ஒன்றுவிடாமல் புரிந்தது. கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்தவர் விஷயத்தில் தலையிடலாமா?

ஆல்பம் வெளிவந்த சனிக்கிழமை, சந்தைத் திடலில் ரைனேயைப் பார்த்தாள் ஹில்லா.

“நீங்கதான் பாடியிருக்கணும். ஹாரி அங்கங்க சுருதி இறங்கிடுறார்.”

“பாடியிருப்பேன். நீ இன்னொரு தடவை கேட்டிருந்தா.”

“ரெண்டு தடவை கேட்டேனே! வேண்டாம்னீங்களே?”

“ரெண்டு தடவைதான் வேண்டாம்னேன்.”

தின்றுகொண்டிருந்த பொரித்த மீனைத் தட்டிலேயே போட்டாள் ஹில்லா. “ஐயோ ரைனே, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!”

அப்படி ஒரு வழி இருப்பதாக இதுவரை யாரும் ரைனேயிடம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஆல்பத்தைப் போடுகிறார். ஹாரி வரும் இடங்களில் மட்டும் கூடவே பாடுகிறார். குரல் அங்கே அத்தனை கச்சிதமாகப் பொருந்துகிறது என்று, சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் எங்களுக்குத் தெரியும். நாங்கள் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.