சாயம் குறைந்த மை

ஆண்டனிராஜ் ஒரு வீட்டு வாசலில் நின்றால் முதலில் மீட்டர் பெட்டியைப் பார்ப்பார். பிறகு அந்த வீட்டில் வயதானவர்கள் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்.

மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கும் வேலை அவருக்கு. திண்டுக்கல்லில் மேட்டுப்பட்டி, நாகல் நகர் பக்கமெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லா வாசலிலும் அவர் நின்றாக வேண்டும். வீட்டுக்காரர்களின் அட்டையில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பார்.

"செத்த வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க பாப்போம்."

திரும்புகிறவர்கள் திரும்புவார்கள். வியாகுலம்மாள் போன்றவர்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

"போன தடவை எதுத்த வீட்டுப் பெரியவர எடுத்த. மறு வாரமே அவரு பெட்டிக்குள்ள போயிட்டாரு. இப்ப எனக்கு நாள் குறிக்க வந்தியாக்கும்?"

"கவர்மெண்டு குடுக்குற ஓசிக் கரண்ட விட்டுட்டு நீங்க எங்க போகப் போறீக? சிரிங்க."

அவர் ஏன் எடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருக்களில் ஒருவர் இறந்துபோனால், அழுகைக்கு நடுவிலேயே ஒரு தேடல் தொடங்கும். ரேஷன் கார்டைப் புரட்டுவார்கள். யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பத்தில் மூன்றாம் வரிசையில் பாதி முகம் தெரியும். கடைசியில் ஒருவர் சொல்வார், "ரீடிங்காரர்கிட்ட இருக்கும்." அவரிடம் இருக்கும். தன் வீட்டு மேசை மேல் பழைய கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன பிரிண்டரில் அச்செடுத்து, ஈரம் காய்ந்ததும் தாளின் ஓரத்தை மட்டும் பிடித்துத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு காபிக்கு மேல் எதுவும் வாங்கியதில்லை.

அந்த பிரிண்டருக்கு மை வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கம்பெனி கார்ட்ரிட்ஜ் நான்கும் வாங்கினால் கிட்டத்தட்ட இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம். "அய்யலூர்ச் சந்தையில எவனாச்சும் இப்படி ஆடு விப்பானா?" என்று மனைவி லிடியாவிடம் கேட்பார். "ஆட்டைச் சல்லிசாக் குடுத்துட்டு, கயித்துக்கு ஆட்டு வெலை கேக்குறான்." ஊசியில் மை ஏற்றிப் பார்த்தார். விரல்கள் நீலமாகி, அந்த விரலோடு பூசையில் நற்கருணை வாங்கக் கை நீட்டியதில் சாமியாரே ஒரு கணம் தயங்கினார். பிறகுதான் பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் பழனிக்குமார் கடை கிடைத்தது. பேர் எதுவும் இல்லாத கறுப்பு அட்டைப் பெட்டியில் வரும் மலிவு கார்ட்ரிட்ஜ்.

"டூப்ளிகேட்டா தம்பி?"

"டூப்ளிகேட் இல்லண்ணே, கம்பேட்டபிள். மெஷின் ஏத்துக்கிருச்சுன்னா நம்ம வீட்டுப் பிள்ள மாதிரிதான்."

மெஷின் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டது. பல வருடங்கள் அந்தக் கறுப்புப் பெட்டி மைதான்.

ஒவ்வொரு முகம் வெளிவரும்போதும் அவர் லிடியாவைக் கூப்பிடுவார். அவள் தொடக்கப் பள்ளி ஆசிரியை. திருத்த வேண்டிய நோட்டுகளை அப்படியே வைத்துவிட்டு வந்து நிற்பாள். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு. உள்ளே இருப்பது இவ்வளவுதான். "நம்ம ஆளுகளோட தோல் நெறத்துல இதுல ஒரு மை கூட இல்ல லிடியா," என்பார் ஒவ்வொரு முறையும், அப்போதுதான் கண்டுபிடித்தவர் போல. "ஆனா பாரு, எப்பிடி வாராக." அவர் குரல் அந்த நேரத்தில் கோயிலுக்குள் பேசுகிற குரலாக இருக்கும். லிடியாவுக்கும் அது பழகிப்போகவில்லை. நெற்றி, புருவம், கண் என்று ஒரு மனிதர் அங்குலம் அங்குலமாக வந்து சேர்வதை அவளும் மூச்சை அடக்கித்தான் பார்த்தாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, நாகல் நகரில் ஒரு வீட்டுப் படியில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்த ஆண்டனிராஜ், அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டு அட்டையில் எண்ணை எழுதி முடித்திருந்தார்.

முப்பதாம் நாள் பூசை நெருங்கியது. வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு அட்டை வேண்டும். முகமும், பிறப்பும் இறப்பும், ஒரு வசனமும் இருக்கும். வாங்கியவர்கள் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த முகம் எட்டிப் பார்க்கும்.

"பிரஸ்ல குடுத்துருவோம் மதினி," என்றார் ஆண்டனிராஜின் தம்பி சேவியர். "நீங்க அலைய வேணாம். பளபளன்னு அடிச்சுத் தருவான்."

"இங்கதான் அடிக்கணும்."

"எதுல, அந்த டப்பாலயா?"

"ஊருல அம்புட்டுப் பேரையும் அவுக இதுலதான கொண்டாந்தாக. அவுக மட்டும் வேற எங்கயோ போயி வரணுமா?"



படம் ஒன்றே ஒன்றுதான் நன்றாக இருந்தது. மூலைக்கடையில் இட்லி விற்கும் ஒச்சாயி எடுத்தது. இவர் போனைத் தூக்கியதும், "எந்நேரமும் நீதான் எடுக்கணுமா, குடுடா அப்பு இங்க," என்று பிடுங்கி, மாவுக் கையோடு அழுத்திவிட்டாள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், வாய்விட்டுச் சிரிக்கும் ஆண்டனிராஜ்.

கார்ட்ரிட்ஜ்கள் காய்ந்து கிடந்தன. லிடியா பழனிக்குமார் கடைக்குப் போனாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். செய்தி தெரிந்திருந்தது.

"அந்தக் கறுப்புப் பெட்டி இப்ப வாரதில்லக்கா. இது புதுசு. வெலையும் அப்பிடித்தான், சாயம் அதைவிட ஒசத்தி."

வாங்கிவந்து பொருத்தினாள். இது கம்பெனி மை இல்லை என்று கம்ப்யூட்டர் திரை எச்சரித்தது. சரி என்று தட்டினாள். தாள் உள்ளே போய் மெல்ல வெளிவரத் தொடங்கியது. நெற்றி வந்ததுமே தெரிந்துவிட்டது. சிவப்பு. வெந்நீர் கொட்டியதுபோல் சிவந்த முகம். சிரிப்பு அவருடையதுதான். ஆனால் யாரோ அவரை அறைந்துவிட்டு நிற்கவைத்த மாதிரி இருந்தது. வேறு படம் போட்டுப் பார்த்தாள். வியாகுலம்மாளும் சிவந்துதான் வந்தார்.

அந்தத் தாளோடு கடைக்குத் திரும்பினாள்.

"ஒசத்தின்னு சொன்னியே, இங்க பாரு. எம் புருசன் குடிச்சிட்டு வந்த மாதிரி இருக்காக. ஒரு நா தொட்டதில்ல அவுக."

பழனிக்குமாருக்கு முகம் சுண்டிவிட்டது. வேறு பெட்டி மாற்றிக் கொடுத்தான். அதுவும் சிவப்பு. நான்கு மையும் தனித்தனியே கோடு போடும் சோதனைத் தாள் ஒன்று எடுத்துவரச் சொன்னான். கோடுகள் துல்லியமாக இருந்தன. ஒன்றிலும் குறை இல்லை. "மையில தப்பு இல்லக்கா," என்று இழுத்தான். அவள் நம்பவில்லை. மலிவு மை என்றால் இப்படித்தான் என்று தீர்மானித்து, பெரிய கடை ஒன்றில் கம்பெனி கார்ட்ரிட்ஜே வாங்கினாள். ஆண்டனிராஜ் வாழ்நாளில் வாங்காத மை. வீட்டுக்கு வந்து பொருத்தி, தாளைக் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முன்னைவிடச் சிவப்பாக வந்தார்.

இனி மையைக் குறை சொல்ல முடியாது. பூசைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. பிரஸ்காரனிடமே கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு அப்போதுதான் முதன்முதலாக வந்தது. அந்த நினைப்பே அவளுக்கு வலித்தது.

அச்சடிக்கச் சொல்லும் சின்னக் கட்டம் திரையில் திறந்தபடி இருந்தது. இதுவரை அதில் 'பிரிண்ட்' என்ற இடத்தைத் தட்டுவதோடு சரி. இப்போது கை போன போக்கில் பக்கத்தில் இருந்ததை எல்லாம் திறந்து பார்த்தாள். ஒன்றுக்குள் ஒன்றாகப் போய், கடைசியில் ஒரு பக்கம் வந்தது. நிறங்களைக் கூட்டவும் குறைக்கவும் நகர்த்தும் பட்டைகள். எல்லாம் நடுவில், பூஜ்யத்தில் இருக்க வேண்டியவை. அவை நடுவில் இல்லை. ரோஸ் வெகுவாக வலப்பக்கம், கூட்டும் பக்கமாக, தள்ளியிருந்தது. மஞ்சள் இடப்பக்கம். நீலம் மட்டும் ஒரு மயிரிழை விலகி நின்றது.

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

கறுப்புப் பெட்டி மையில் ரோஸ் சாயம் குறைவு. மஞ்சள் தூக்கல். அதை அப்படியே விட்டால் ஊரே மஞ்சள்காமாலை பிடித்து வந்திருக்கும். அவர் அதற்கு ஈடுகட்டியிருக்கிறார். ஒரு முகத்தை அடித்துப் பார்த்து, கொஞ்சம் நகர்த்தி, அடுத்த முகத்தில் இன்னும் கொஞ்சம். வெயிலில் பார்த்த தோலை மனதில் வைத்து, எத்தனையோ பேருக்காக அணு அணுவாகத் தள்ளி வைத்த இடம் அது. ஆள் போய்விட்டார். அவர் கண் பார்த்த பார்வை அந்த மெஷினுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதுதான் நல்ல மையை எல்லாம் சிவக்க வைத்துக்கொண்டிருந்தது. மையில் இல்லாத குறையை ஒவ்வொரு தாளிலும் திருத்திக்கொண்டிருந்தது.

பழனிக்குமாருக்குப் போன் செய்தாள். முதலில் அவனைத் திட்டியதற்கு வருத்தம் சொன்னாள்.

"அதெல்லாம் விடுங்கக்கா. அந்தப் பட்டையெல்லாம் சைபர்ல வச்சிருங்க. கம்பெனி மைதான இருக்கு, அண்ணன் சூப்பரா வருவாரு."

"வைக்க மாட்டேன் தம்பி. அந்தப் பழைய மை எங்கயாச்சும் கெடக்குமா?"

"அது மட்டமான மைக்கா."

"தெரியும். எங்க கெடைக்கும்?"

கடைசிப் பெட்டியை ஒட்டன்சத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செழியன் வாங்கிப்போனதாகச் சொன்னான்.

மறுநாள் பஸ் ஏறினாள். காய்கறி மார்க்கெட்டுக்கு எதிரே கடை. வெங்காயச் சருகு கடைக்குள் வரை பறந்து வந்தது. செழியன் அலமாரிக்கு அடியில் கைவிட்டு, தூசு படிந்த கறுப்புப் பெட்டியை எடுத்தான். அவன் வெள்ளைத் தாளில் கறுப்பெழுத்து மட்டும் அடிக்கிறவன். கலர் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"ஏனுங்க, இது சாயம் கம்மிங்க. நாஞ் சொல்லிப்போட்டேன். அப்பறம் வந்து சண்டை போடாதீங்க."

"சண்டை போட மாட்டேன். கம்மியாத்தான் வேணும்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "சாயம் கம்மியா வேணும்னு கேட்டு வந்தவிங்க நீங்க ஒருத்தர்தானுங்க," என்றபடி தூசியைத் துணியால் துடைத்துக் கொடுத்தான். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

மதிய வெளிச்சம் மேசை வரை வந்திருந்தது. பழைய மையைப் பொருத்தினாள். நகர்ந்து கிடந்த பட்டைகளை அவள் தொடவில்லை. தாளைக் கொடுத்தாள். உள்ளே அந்தச் சின்னத் தலை இடமும் வலமும் ஓடத் தொடங்கியது.

முதலில் மீட்டர் பெட்டியின் சாம்பல் நிறம். பிறகு முடி. பிறகு நெற்றி. அந்தப் பழுப்பு. வெயில் தின்ற, தெருத்தெருவாக நடந்த, சாயங்காலம் முகம் கழுவி வந்து நிற்கும்போது சற்றுத் தெளியும் அதே பழுப்பு. எந்த மையிலும் இல்லாத நிறம் தாளில் வந்துகொண்டிருந்தது. புருவம் வந்தது. கண்கள் வந்தன. எத்தனையோ பேரை வரவழைத்தவர், தான் வைத்த அளவின்படியே, தன் சிரிப்போடு தானாக வந்து சேர்ந்தார்.

அவள் அழவில்லை. எழுந்து நின்றாள். உட்கார்ந்து பார்க்கிற காரியமாக அது தோன்றவில்லை.

அன்று மாலை சேவியர் வந்தபோது அட்டைகள் கட்டில் முழுவதும் ஒன்றையொன்று தொடாமல் காய்ந்துகொண்டிருந்தன. மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தாள். வியர்த்துக்கொண்டே அவர் ஒன்றை எடுத்தார். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மதினி, அண்ணனுக்குக் காதுகிட்ட இம்புட்டு நரை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் பாத்ததே இல்ல." சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "என்னமா வெள்ளையா விழுந்திருக்கு. வெள்ளை மைக்குத் தனிக் கார்ட்ரிட்ஜா?"

லிடியா அவர் அருகில் வந்து குனிந்தாள். காதோரத்தில் இழை இழையாக வெள்ளை மின்னியது. அந்த வெள்ளை எதனால் வந்தது என்பதை அவளும் அப்போதுதான் கவனித்தாள்.

"வெள்ளை மையே இதுல கெடையாது சேவியர்," என்றாள் மெதுவாக. "அந்த எடத்துல மெஷின் ஒண்ணுமே வைக்கல. வெறும் பேப்பரு."

சேவியர் அட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். இருவரும் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.