சுகிர்தா கேட்ட கேள்வி

விஜயகுமாருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி மூன்று வருஷம் ஆகிறது. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது செவ்வாயும் வெள்ளியும் திருவள்ளூரில் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடக்கிறான். நெல் போட்ட நிலத்தைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. அதே மாவட்டத்து ஆரணியிலிருந்து அவனைப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவன் மனைவி சுகிர்தா. ஒரு நாளைக்கு அவனுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். காலையிலேயே பாட்டிலில் அளந்து வைத்துவிடுவாள். குழம்பில் உப்பைக் குறைப்பதும், கால் வீங்கியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பதும் அவள்தான்.

அப்படி அழுத்திப் பார்ப்பதைத் தவிர அவள் கை அவன்மேல் பட்டு இரண்டு வருஷம் இருக்கும். முதலில் அசதி என்றான். பிறகு, ஊசி ஏற்றும் இடது கையில் அடிபட்டுவிடும் என்று பாயை ஹாலுக்கு எடுத்துப் போனான். முப்பத்தாறு வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது? அக்காவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "புருசன் உசுரோட கீறானே, அத பாரு" என்றாள் அக்கா.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, புதிதாக வந்திருந்த டாக்டரம்மா, நர்ஸுகள் நடமாடும் இடத்திலேயே இருவரையும் உட்காரவைத்து, "வேற எதுனா கஷ்டம் இருக்கா?" என்று கேட்டார். விஜயகுமார் இல்லை என்று தலையாட்டினான். அலுப்பில் சுகிர்தாவுக்கு வாய் திறந்துகொண்டது.

"நாங்க புருசன் பொண்டாட்டி மாதிரி இல்ல மேடம். இதுவும் வியாதிதானா, இல்ல என்ன புடிக்கலியா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வியாதியாலதாம்மா வரும். ரத்தம் கொறைவு, மனசு சோர்வு, எல்லாம் சேந்துக்கும். பிரஷர் மாத்திரையும் காரணமா இருக்கலாம், மாத்திப் பாக்கலாம். நெறைய பேருக்கு இருக்கு. யாரும் கேக்கறதில்ல."

திரும்பும்போது விஜயகுமார் பஸ்ஸில் தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்குள் நுழைந்ததும், "நர்ஸுங்க முன்னாடி மானத்த வாங்கிட்ட இல்ல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அறையில் படுத்திருந்தாள். அவன் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"புடிக்கலன்னா நெனச்சிகினு இருந்த?"

"வேற இன்னா நெனைக்கிறது?"

"முடியலன்னு எப்டி சொல்றது? நீயும் எப்பப் பாரு தண்ணி, உப்பு, மாத்திரைன்னு. ஊட்டுலயும் ஆஸ்பத்திரில இருக்கற மாதிரியே கீது, சுகிர்தா."

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப நீயே அளந்து குடி. நான் இன்னா ஆசப்பட்டா செய்றேன்?"

"குடிக்கிறேன்."

அவன் அப்படிச் சொல்வான் என்று அவள் நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். அவன் படுத்தான். வலது தோளில் தலை வைத்தாள். சட்டையில் ஆஸ்பத்திரி வாடை. வேறு ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் பொழுது சாயும்வரை தூங்கினார்கள்.

மாத்திரை மாற்றி நாலு மாதமாகிறது. சில நாள் கூடிவருகிறது, பல நாள் இல்லை. இல்லாத நாளில், "இன்னிக்கு முடியாது" என்று அவனே சொல்லிவிடுகிறான். வெள்ளிக்கிழமைகளில் அவன் மட்டும் தனியாகப் பஸ் ஏறிப் போய்வருகிறான். அவள் வீட்டிலேயே படுத்துத் தூங்குகிறாள். எவ்வளவு தூங்கினாலும் மூன்று வருஷத்து அசதி தீர்வதில்லை.