பாட்டு வீடியோ பார்த்து வெட்டிய கல்யாணம்

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி மிக்ஸிங் செய்பவனுக்கு, பந்தல் பிரித்த பிறகுதான் கல்யாணம் ஆரம்பம். இந்தத் தொழிலில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளில் மைசூரில் என்னிடம் இரண்டு வி.சி.ஆர்., ஒரு மிக்ஸர், ஒரு டிவி இருந்தன. எட்டாவது வரை படித்தவன். பேசுவதைவிட எண்ணுவது எனக்கு எளிது.

அந்த மாதிரி வேண்டும்

ஹெப்பாளில் தொழிற்சாலை வேலையில் இருந்த முருகேசன், தங்கையின் கல்யாணத்தை மிக்ஸிங் செய்யச் சொல்லி வந்தார். கையில் ஒரு கேசட். கேபிளில் வந்த வெளிநாட்டுப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்திருந்தார். பாட்டு வீடியோ என்பதையே மாற்றிப் போட்டது என்று எல்லோரும் புகழ்ந்த பாட்டு. மேளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முகம் மாறும்.

எனக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. தாளத்துக்கு வெட்டுவது நம் பழைய படங்களிலேயே உண்டு. அதைச் சொல்லக் கூச்சம். "நம்ம சனங்க முகத்த இப்படி ஓட்டினா யாருன்னு தெரியாதே?" என்று மட்டும் கேட்டேன்.

முருகேசன் சிரித்தார். "யாருன்னு எங்களுக்குத் தெரியுமுங்கண்ணா. நீங்க ஓட்டுங்க."

டேப் கைமாறியது

ஆசீர்வாதமும் பந்தியும் ஒன்றரை மணி நேரம் இருந்தன. ஒன்றரை நிமிடமாக வெட்டினேன். நூற்று நாற்பத்து மூன்று முகம். ஒருவரும் விடுபடவில்லை என்று இரண்டு முறை எண்ணினேன்.

மிக்ஸிங் முடிந்ததும் கேமரா டேப்பில் அடுத்த விசேஷத்தைப் பிடித்துவிடுவது எங்கள் வழக்கம். ஆனால் கல்யாண வீட்டுக்காரர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை நான் டேப்பைக் கொடுப்பதில்லை. அன்று கேமராமேன் சிவண்ணாவுக்கு மறுநாள் காலை ஒரு கிரகப்பிரவேசம். நான் வெட்டியதைப் பார்த்துத் தொடையைத் தட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. கன்னடமும் தமிழும் கலந்து பேசிக் கையை நீட்டினார்: "ஃபாரின்காரன் தோத்தான் சார்! இனி அந்த டேப் எதுக்கு? கொடி சார், குடுத்துடுங்க."

கொடுத்துவிட்டேன்.

அம்மா வரும் இடம்

நான்கு மாதம் கழித்து முருகேசன் மொட்டைத் தலையோடு வந்தார். ஹனூர் பக்கத்து ஊரில் இருந்த அம்மா இறந்துவிட்டார். போட்டோ என்றாலே ஒதுங்கிப் போகிறவராம். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. "கல்யாணத்துல அம்மா வர்ற இடத்த மட்டும் தனியா எடுத்துக் குடுங்கண்ணா. தங்கச்சிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

முழுக் கல்யாண கேசட்டிலும் அம்மா ஓரிடத்தில்தான் வருகிறார். ஃபிரேம் ஃபிரேமாக, ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினேன். பதினேழு. ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம் வேண்டும். கேமரா டேப்பில் அவர் மகளின் பக்கத்தில், அவள் கன்னத்தில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றது எனக்கு நினைவிருந்தது. அந்த டேப்பில் இப்போது யாருடைய வீட்டிலோ பால் பொங்குகிறது.

மறைக்காமல் சொன்னேன். பதினேழு படத்தையும் மெதுவாக ஓட்டிக் காட்டினேன். திரையில் அம்மாவின் முகம் நடுங்கியது. யாரோ கூப்பிட, சட்டென்று திரும்புகிறார், அதோடு சரி. முருகேசன் மூன்று முறை போடச் சொன்னார். என்னைத் திட்டவில்லை.

"எங்கம்மா இத்தன அவசரமா ஒருநாளும் திரும்பினதில்லீங்கண்ணா."

எண்ணாமல் விட்டது

அவர் கொடுத்த பாட்டு கேசட் என்னிடமே இருந்தது. அந்த வாரம் அதை முதலிலிருந்து எண்ணினேன். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். மேளம் அடித்துக்கொண்டே இருக்கிறது, படம் மாறவில்லை. ஒன்பது விநாடி, ஒரு வெட்டுகூட இல்லை. முன்பு பார்த்தபோது இது என் கண்ணில் படவில்லை. புகழ்ந்தவர்கள் யாரும் இதைச் சொன்னதுமில்லை.

சிவண்ணாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ரீவைண்ட் செய்து இன்னொரு தரம் பார்த்தார். "இத மட்டும் நாம காப்பி அடிக்கலியே சார்" என்றார்.

அந்த வீடியோவுக்குக் கிடைத்த பேர் நியாயமானதுதான். அது எதற்காகக் கிடைத்தது என்பதைத்தான் எங்களைப் போன்ற வெட்டுக்காரர்கள் யாரும் முடிவுவரை பார்க்கவில்லை.